பெயர் பட்டியலில் வந்த மறுநாள்

அமெரிக்காவின் அட்லாண்டா நகர மையத்தில் இருக்கிறது ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம். 2003ஆம் ஆண்டு நிலவரப்படி, அங்கே சேர்ந்த நூறு பேரில் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் வாங்கியவர்கள் 32 பேர்தான். மாணவர்களில் பெரும் பங்கினர் வருமானம் குறைந்த குடும்பங்களிலிருந்து, ஒன்றிய அரசின் பெல் உதவித்தொகையை நம்பி வருபவர்கள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் ஏராளம். இப்படிப்பட்ட ஒருவர் படிப்பைப் பாதியில் விட்டால் பட்டம் கிடைக்காது. வாங்கிய கல்விக் கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

இத்தனை பேர் ஏன் விட்டுப்போகிறார்கள்? வழக்கமாகச் சொல்லப்பட்ட பதில்கள் எல்லாமே மாணவர் பக்கம் விரல் நீட்டின. பள்ளியில் சரியாகப் படிக்கவில்லை, வேலைக்குப் போகிறார்கள், அக்கறை இல்லை. மத ஆய்வுத் துறைப் பேராசிரியராக இருந்து நிர்வாகப் பொறுப்புக்கு வந்த டிமதி ரெனிக்கும் அவருடைய குழுவினரும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். பல்கலைக்கழகம் எந்தெந்த இடத்தில் மாணவரைக் கைநழுவ விடுகிறது என்று தேடினார்கள். அதற்கான தடயங்கள் அவர்களுடைய கணினிகளிலேயே கிடந்தன. பத்து ஆண்டுகளில் படித்த சுமார் 1.4 லட்சம் மாணவர்கள், அவர்கள் வாங்கிய 25 லட்சம் மதிப்பெண்கள். அதுவரை இந்தக் குவியலுக்கு இருந்த வேலை, கேட்டவர்களுக்கு மதிப்பெண் சான்றிதழ் அச்சடித்துக் கொடுப்பது மட்டுமே.

ஒரு 'சி' சொன்ன சேதி

அந்தக் குவியலிலிருந்து கிடைத்த ஒரு முடிவை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். அரசியல் அறிவியலை முதன்மைப் பாடமாக எடுக்கும் மாணவர், அந்தத் துறையின் முதல் தாளில் 'ஏ' அல்லது 'பி' கிரேடு வாங்கினால், அவர் அதே துறையில் பட்டம் பெற நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. 'சி' வாங்கினால் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்றாகச் சரிந்துவிடுகிறது.

'சி' என்பது தேர்ச்சி. அரியர் விழவில்லை, மறுதேர்வு இல்லை, அடுத்த செமஸ்டருக்குப் போகத் தடை இல்லை. எந்த ஆசிரியரும் அதைப் பார்த்துப் பதறமாட்டார். மாணவரும் தப்பித்தோம் என்று நகர்ந்துவிடுவார். அடுத்தடுத்த தாள்கள் இன்னும் கடினம். கட்டுரை எழுதும் திறனோ, நீண்ட நூலைப் படித்து உள்வாங்கும் திறனோ முதல் தாளிலேயே தடுமாறியிருந்தால், நான்காம் செமஸ்டரில் அது உடைந்து வெளியே வரும். அதற்குள் இரண்டு வருடமும் கட்டணமும் போயிருக்கும். நர்சிங் துறையிலும் இப்படி ஒரு முன்னறிகுறி கிடைத்தது. அங்கே மாணவரின் போக்கைக் காட்டிக்கொடுத்தது நர்சிங் தாள் அல்ல, தொடக்க நிலைக் கணிதத் தாள்.

2012இல் ஜார்ஜியா ஸ்டேட் இந்த அறிகுறிகளைத் தேடும் ஒரு கண்காணிப்பு முறையை இ.ஏ.பி. என்ற நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கியது. சுமார் 800 வகையான எச்சரிக்கைகள். தவறான தாளுக்குப் பதிவு செய்தவர், முக்கியமான தாளில் மதிப்பெண் சறுக்கியவர், ஒரு தாளை எடுக்கவேண்டிய செமஸ்டரில் எடுக்காமல் விட்டவர் என்று ஒவ்வொரு இரவும் எல்லா மாணவர்களின் பதிவுகளையும் கணினி அலசும். அறிகுறி தெரிந்தால் அந்த மாணவரின் பெயர் ஓர் ஆலோசகரின் திரைக்குப் போகும். அவர் மாணவரைக் கூப்பிட்டுப் பேசுவார்.

பேச ஆள் வேண்டும் அல்லவா? பல்கலைக்கழகம் 42 புதிய ஆலோசகர்களை வேலைக்கு எடுத்தது. அதற்கு முன்னால் ஓர் ஆலோசகர் தலையில் 700 மாணவர்களுக்கு மேல் இருந்தார்கள். அது 300 என்ற அளவுக்கு வந்தது. ஆண்டுக்கு 50,000க்கும் அதிகமான நேரடிச் சந்திப்புகள் நடந்தன. மென்பொருளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் செலவில் பெரிய பங்கு போனது இந்தச் சம்பளப் பட்டியலுக்குத்தான்.

முந்நூறு டாலர்

பதிவுகளை அலசியபோது இன்னொரு உண்மையும் மேலே வந்தது. ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டணம் கட்டாததால் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள். நன்றாகப் படித்துக்கொண்டு, இன்னும் ஒன்றிரண்டு செமஸ்டரில் பட்டம் வாங்கவேண்டியவர்களும் அதில் இருந்தார்கள். சிலருடைய பாக்கி வெறும் 300 டாலர்.

2011இல் இவர்களுக்காக ஒரு சிறு உதவித்திட்டம் தொடங்கியது. இதில் மாணவர் விண்ணப்பம் போடவேண்டியதில்லை. யாருக்குப் பாக்கி இருக்கிறது, யார் தேர்ச்சி பெற்றுவருகிறார், யார் மற்ற உதவிகளையெல்லாம் பெற்றுத் தீர்த்துவிட்டார் என்பதைப் பதிவுகளே சொல்லும். அலுவலகம் அவருடைய கணக்கில் பணத்தைக் கட்டிவிட்டுத் தகவல் சொல்லும். கையேந்தி நிற்கும் சங்கடம் மாணவருக்கு இல்லை. உதவி பெற்ற கடைசி ஆண்டு மாணவர்களில் பெரும்பாலோர் விரைவிலேயே பட்டம் வாங்கினார்கள்.

சேருவதற்கு முன்பே காணாமல் போகிறவர்களும் இருந்தார்கள். இடம் கிடைத்து, வருகிறேன் என்று உறுதியும் சொல்லிவிட்டு, கோடை முடிந்து வகுப்பு தொடங்கும்போது வராமலே போவார்கள். உதவித்தொகைப் படிவத்தில் ஒரு கட்டம் புரியவில்லை, தடுப்பூசிச் சான்றிதழ் எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. கேட்க வீட்டில் ஆள் இல்லை. 2016 கோடையில் 'பவுன்ஸ்' என்ற உரையாடல் மென்பொருள் மாணவர்களின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கியது. கேள்வி கேட்டால் பதில் சொல்லும். தெரியாவிட்டால் அலுவலரிடம் அனுப்பும். அந்த ஒரு கோடையில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகளுக்கு அது பதில் சொன்னது. அலுவலகம் பூட்டியிருக்கும் நள்ளிரவிலும் கேள்விகள் வந்தன. லின்ட்சி பேஜ், ஹன்டர் கெல்பாக் என்ற இரு ஆய்வாளர்கள், மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். பவுன்ஸின் உதவி கிடைத்த குழுவில், சேராமல் போனவர்களின் எண்ணிக்கை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

2010களின் நடுவில் ஜார்ஜியா ஸ்டேட்டின் பட்டம் பெறும் விகிதம் 54 சதவீதத்தைத் தொட்டது. கறுப்பின மாணவர்களும் ஹிஸ்பானிய மாணவர்களும் மற்றவர்களுக்குச் சமமான விகிதத்தில் பட்டம் வாங்கினார்கள். பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது மிக அரிது.

கணினி எதைப் பார்க்கிறது?

மாணவர் பதிவுகளை இப்படி அலசும் துறைக்குக் கற்றல் பகுப்பாய்வு என்று பெயர். இதற்கான முதல் சர்வதேச மாநாடு 2011இல் கனடாவின் பான்ஃப் நகரில் நடந்தது. அடிப்படைக் கணக்கு சிக்கலானதல்ல. சென்ற ஆண்டுகளில் இதே பாடத்தைப் படித்தவர்களின் பதிவுகளைக் கணினிக்குக் கொடுக்கிறார்கள். யார் முடித்தார், யார் விட்டார் என்பது தெரியும். விட்டுப்போனவர்கள் மூன்றாம் வாரத்தில், ஐந்தாம் வாரத்தில் எப்படி இருந்தார்கள் என்று கணினி கற்றுக்கொள்கிறது. இந்த ஆண்டு மூன்றாம் வாரத்தில் அதே சாயலில் யார் இருக்கிறார் என்று தேடுகிறது.

இதை உள்ளே நுழைந்து பார்க்க விரும்புபவர்களுக்கு பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. முன்தகுதி எதுவும் கேட்காமல் யாரையும் சேர்த்துக்கொள்ளும் தொலைநிலைப் பல்கலைக்கழகம் அது. பெயர் நீக்கிய 32,593 மாணவர்களின் பதிவுகளை 2017இல் அது உலகத்துக்குப் பொதுவாக வெளியிட்டது. 22 பாட வகுப்புகள். இணைய வகுப்பறையில் யார், எந்தப் பக்கத்தை, எந்த நாளில், எத்தனை முறை சொடுக்கினார் என்ற விவரம் மட்டும் ஒரு கோடியே ஆறு லட்சம் வரிகளுக்கு மேல்.

இந்தப் பல்கலைக்கழகத்தின் தரவுகளை ஆராய்ந்த ஸ்டெனெக் ஸ்ட்ராஹல் குழுவினர் 2013 வாக்கில் கண்டது சுவாரஸ்யமானது. அதிகம் கிளிக் செய்பவர் நன்றாகப் படிப்பார், குறைவாகச் செய்பவர் தோற்பார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. சிலர் எல்லாவற்றையும் ஒரே நாளில் தரவிறக்கி அச்சடித்துப் படிப்பார்கள். அவர்கள் இணையத்தில் தலைகாட்டுவதே இல்லை. சொல்லத்தக்க சேதி எண்ணிக்கையில் இல்லை, மாற்றத்தில் இருந்தது. வாரம் நாற்பது முறை வந்தவர் திடீரென்று இரண்டு முறைதான் வருகிறார் என்றால், அவரோடு அவரையே ஒப்பிட்டுத்தான் கவலைப்படவேண்டும். முதல் அசைன்மென்டைக் கொடுக்காமல் விடுவதும் அதே அளவு வலுவான அறிகுறி.

இந்தக் கணிப்புகளில் தவறு இருக்கும். எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் மாணவர்களில் 100 பேர் விட்டுப்போகப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அவர்களில் 80 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. நிலைக்கப்போகும் 900 பேரில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 180 பேரை, தவறாகச் சந்தேகிக்கிறது. ஆலோசகர் கையில் 260 பெயர்கள் வரும். அதில் உண்மையான ஆபத்தில் இருப்பவர் 80 பேர், மூன்றில் ஒருவருக்கும் குறைவு. 80 சதவீதம் துல்லியம் என்று விளம்பரம் செய்யத்தக்க ஒரு மென்பொருளின் நிலை இது. பட்டியலில் வந்த பெயருக்கு ஒரு போன் செய்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் இந்தத் தவறால் எவருக்கும் கேடில்லை. அதே பட்டியலை வைத்து இடம் மறுத்தாலோ, துறை மாறச் சொன்னாலோ, 180 பேருக்கு அநியாயம் நடந்துவிடுகிறது.

சிவப்பு விளக்கும் சாக்லேட்டும்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டூ பல்கலைக்கழகம் இந்தத் துறையில் முன்னோடி. 2007இல் அது 'கோர்ஸ் சிக்னல்ஸ்' என்ற முறையைச் சோதிக்கத் தொடங்கியது. மதிப்பெண், இணைய வகுப்பறையில் காட்டும் முயற்சி, பழைய கல்விப் பதிவு, மாணவரின் பின்னணி ஆகியவற்றைச் சேர்த்து, ஒவ்வொரு மாணவருக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு விளக்கு எரியும். ஆசிரியர் அதைப் பார்த்து மின்னஞ்சல் அனுப்புவார். சிக்னல்ஸ் இருந்த வகுப்புகளை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பில் நிலைக்கும் விகிதம் 21 சதவீதம் அதிகம் என்று அறிவிப்பு வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. மற்ற பல்கலைக்கழகங்களும் வாங்க முன்வந்தன.

2013இல் கல்வித் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த மைக்கேல் கால்ஃபீல்ட் ஓர் எளிய கேள்வி கேட்டார். முதல் செமஸ்டரிலேயே விட்டுப்போன ஒருவர் எத்தனை சிக்னல்ஸ் வகுப்புகளை எடுத்திருக்க முடியும்? சில மாதங்களே கல்லூரியில் இருந்தவருக்கு இரண்டாவது வகுப்பு வாய்க்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். நான்கு வருடமும் இருந்தவருக்கு இரண்டு மூன்று தானாகவே அமைந்துவிடும். அப்படியானால், சிக்னல்ஸ் எடுத்ததால் நிலைத்தார்களா, நிலைத்ததால் சிக்னல்ஸ் எடுத்தார்களா?

ஆல்ஃப்ரெட் எஸ்ஸா என்ற இன்னொரு நிபுணர் இதைக் கணினியில் நிகழ்த்திக் காட்டினார். கற்பனை மாணவர்களை உருவாக்கி, வகுப்புகளில் அவர்களுக்குக் கண்மூடித்தனமாகச் சாக்லேட் கொடுக்கச் செய்தார். சாக்லேட்டுக்கும் படிப்புக்கும் அந்தக் கணக்கில் எந்தத் தொடர்பும் வைக்கவில்லை. முடிவில், அதிகச் சாக்லேட் பெற்றவர்களே அதிகம் நிலைத்திருந்தார்கள். நீண்ட காலம் இருந்தவருக்கு அதிகச் சாக்லேட் கிடைத்தது, அவ்வளவுதான்.

மின்னஞ்சல்கள் எவருக்கும் உதவவில்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் 21 சதவீதம் என்ற எண் அந்த உதவிக்குச் சாட்சி ஆகாது என்பது தெளிவாகிவிட்டது. ஒரு தலைமுறை மாணவர்களின் படிப்பைப் பற்றிய முடிவுகள் இப்படிப்பட்ட எண்களின் மேல் எடுக்கப்படுவதால், கால்ஃபீல்ட் கேட்டது போன்ற கேள்வியை வாங்குவதற்கு முன் ஒவ்வொரு நிர்வாகமும் கேட்டாகவேண்டும். பவுன்ஸைச் சோதித்தவர்கள் குலுக்கல் முறையைக் கையாண்டது இந்தப் பொறியில் விழாமல் இருப்பதற்காகவே.

அதே பட்டியல், வேறு நோக்கம்

மேரிலாந்து மாநிலத்தின் மவுன்ட் செயின்ட் மேரீஸ் சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். நிதித் துறையிலிருந்து வந்த சைமன் நியூமன் அதன் தலைவராக இருந்தபோது, 2015இல் புதிய மாணவர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுக்கப்பட்டது. உங்களை நீங்களே அறிந்துகொள்ள உதவும், இதில் தவறான பதில் என்று எதுவும் இல்லை என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. நிர்வாகத்துக்குள் நோக்கம் வேறாக இருந்தது. மாணவர் எண்ணிக்கையை அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய கெடு செப்டம்பர் 25. அதற்குள் தேறமாட்டார்கள் என்று தோன்றும் இருபது, இருபத்தைந்து பேர் விலகிவிட்டால், அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். நிலைக்கும் விகிதம் நான்கைந்து சதவீதம் கூடிவிடும்.

மாணவர் பத்திரிகையான 'தி மவுன்டன் எக்கோ' 2016 ஜனவரியில் இதை அம்பலப்படுத்தியது. புதியவர்களைக் கொஞ்சவேண்டிய முயல்குட்டிகளாக நினைக்காதீர்கள், அவற்றை மூழ்கடிக்கவேண்டும் என்ற பொருளில் தலைவர் ஒரு பேராசிரியரிடம் பேசியதும் அதில் வெளிவந்தது. பத்திரிகைக்கு ஆலோசகராக இருந்த ஆசிரியரும் இன்னொரு பேராசிரியரும் வேலைநீக்கம் செய்யப்பட்டு, எதிர்ப்பு வலுத்ததும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். பிப்ரவரி 29 அன்று நியூமன் பதவி விலகினார்.

ஜார்ஜியா ஸ்டேட்டும் மவுன்ட் செயின்ட் மேரீஸும் தேடியது ஒரே விஷயத்தைத்தான்: யார் விட்டுப்போகக்கூடும்? ஓரிடத்தில் பெயர் பட்டியலில் வந்த மறுநாள் ஆலோசகர் அழைத்தார். இன்னோரிடத்தில் வாசலைக் காட்டத் திட்டம் போட்டார்கள். ஜார்ஜியா ஸ்டேட்டில் 32 என்ற எண் 54 ஆக உயர்ந்தபோது நூற்றுக்கு 22 பேர் கூடுதலாகப் பட்டத்தோடு வீடு திரும்பினார்கள். மேரிலாந்தில் திட்டம் நிறைவேறியிருந்தால் சதவீதம் உயர்ந்திருக்கும். ஒரு மாணவருக்குக்கூட அதனால் நன்மை இல்லை.

எதைக் கணக்கில் சேர்ப்பது?

2021இல் 'தி மார்க்கப்' என்ற செய்தி நிறுவனம், பல பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மாணவரின் இனத்தையும் கணிப்பில் சேர்ப்பதை வெளிக்கொண்டுவந்தது. மென்பொருள், ஜார்ஜியா ஸ்டேட்டோடு பணியாற்றிய அதே இ.ஏ.பி. நிறுவனத்துடையது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில், கறுப்பின ஆண் மாணவர் 'அதிக ஆபத்து' என்று குறிக்கப்படும் வாய்ப்பு வெள்ளையின ஆண் மாணவரைவிட 3.9 மடங்கு. பெண்களிடையே இது 2.8 மடங்கு. பழைய பதிவுகளில் கறுப்பின மாணவர்கள் அதிகம் விட்டுப்போயிருந்தால் மென்பொருளும் அதையே கற்றுக்கொள்கிறது. அதற்குக் காரணமான வறுமையும் பாகுபாடும் அதன் கண்ணுக்குத் தெரியாது. தோலின் நிறம் தெரியும். பதினெட்டு வயதில் வகுப்பில் காலடி வைப்பதற்கு முன்பே ஒருவருடைய பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி விழுந்தால், அறிவியல் துறையில் சேர நினைப்பவரை எளிய துறைக்குப் போகச் சொல்லும் ஆசை ஆலோசகருக்கும் எழும். செய்தி வந்த சில வாரங்களில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கணிப்பிலிருந்து இனத்தை நீக்குவதாக அறிவித்தது.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகம் ஆரம்பத்திலேயே வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. மாணவரின் பின்னணியை அதன் கணிப்புக்குள் விடவில்லை. நூலகம் போனாரா, கட்டடத்துக்குள் நுழைய அட்டையைத் தேய்த்தாரா, இணைய வகுப்பறைக்கு வந்தாரா, பணிகளைச் சமர்ப்பித்தாரா என்பதை மட்டுமே பார்க்கிறது. பதினான்கு நாட்கள் எந்த அசைவும் இல்லையென்றால் ஆசிரியருக்குத் தகவல் போகும். பின்னணியைவிட இந்த ஈடுபாடுதான் முன்னேற்றத்தைச் சரியாகக் காட்டுகிறது என்று அதன் ஆய்வுகள் கண்டன. ஆசிரியர் பார்க்கும் அதே திரையை மாணவரும் பார்க்கலாம். இது சிறிய ஏற்பாடுபோலத் தோன்றும். ஆனால் தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாத ஒருவரால் அதை மறுக்கவே முடியாது.

அட்டைத் தேய்ப்பு எவ்வளவு தூரம் பேசும் என்பதை அரிசோனா பல்கலைக்கழகப் பேராசிரியர் சுதா ராம் காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் அவர். அரிசோனா மாணவர்களின் அடையாள அட்டை வளாகத்தில் சுமார் 700 இடங்களில் பயன்பட்டது. பெயர் நீக்கிய அந்தப் பதிவுகளில், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப யார் யார் சேர்ந்து அட்டையைத் தேய்க்கிறார்கள் என்று பார்த்தால் நட்பு வட்டம் தெரியவரும். முதல் செமஸ்டரில் அந்த வட்டம் சுருங்கிக்கொண்டே போகும் மாணவர், அன்றாட ஒழுங்கு குலைந்த மாணவர், இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பி வராமல் போகும் வாய்ப்பு அதிகம் என்று அவருடைய ஆய்வு சொன்னது. தனிமைக்கும் படிப்பை விட்டு ஊர் திரும்புவதற்கும் தொடர்பு இருப்பதை இது காட்டுகிறது. தேநீர் வாங்குவதும் நண்பரோடு உட்காருவதும் பதிவாகின்றன என்பதை அறியும் மாணவருக்குக் கோபம் வருவதும் நியாயம்தான். ஓப்பன் யுனிவர்சிட்டி 2014லேயே இதற்கென ஒரு நெறிமுறைக் கொள்கையை வெளியிட்டது. எந்தத் தரவு, எதற்காக என்பதை மாணவருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். தரவில் தெரியும் பகுதியை மட்டும் வைத்து ஒரு மாணவரை முடிவு கட்டக்கூடாது என்று அது வகுத்தது.

பதினோரு பல்கலைக்கழகங்களின் சோதனை

இத்தனைக்கும் பிறகு நிற்கும் கேள்வி, ஓரிடத்தில் பலித்தது வேறிடத்தில் பலிக்குமா என்பது. 2015இல் அமெரிக்கக் கல்வித் துறை 89 லட்சம் டாலர் கொடுத்து இதைச் சோதிக்கச் செய்தது. ஜார்ஜியா ஸ்டேட் தலைமையில் பதினோரு அரசுப் பல்கலைக்கழகங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழை மற்றும் முதல் தலைமுறை மாணவர்கள். குலுக்கலில் தேர்வான பாதிப் பேருக்கு, தரவின் துணையோடு கூடுதல் ஆலோசனை. மீதிப் பேருக்கு வழக்கமான ஏற்பாடு.

பதினொன்றையும் சேர்த்துப் பார்த்தபோது இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஜார்ஜியா ஸ்டேட்டில் மட்டும் மதிப்பெண் சராசரியும், முடித்த கிரெடிட் எண்ணிக்கையும் தெளிவாக உயர்ந்திருந்தன. அங்கே மென்பொருள் வந்ததோடு வேலை நிற்கவில்லை. ஆலோசகர்கள் பெருகியிருந்தார்கள், பாக்கியைக் கட்ட நிதி ஒதுக்கப்பட்டிருந்தது, ஒரு துறை சொல்வதை மறு துறை கேட்டது, முடிவெடுப்பவர்கள் பல ஆண்டுகள் அதே வேலையில் நிலைத்திருந்தார்கள்.

2020இல் ஜார்ஜியா ஸ்டேட், மற்ற கல்லூரிகளுக்கு உதவவென்றே ஒரு தேசிய மையத்தைத் தொடங்கியது. உதவி கேட்டு வரும் கல்லூரியில் அந்த மையத்தினர் முதலில் அலசுவது அந்தக் கல்லூரியையே. ஆலோசனை எப்படி நடக்கிறது, கட்டணப் பாக்கிக்கு என்ன செய்கிறார்கள், புதிய மாணவர் எங்கெங்கே மாட்டிக்கொள்கிறார் என்று பார்த்து, எதை முதலில் சரிசெய்வது என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.